கையைக் கட்டிக்கொண்டு நின்ற சிஸ்டர்

எங்கள் ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த ஒரு நர்ஸைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து எனக்குத் தொழில் இல்லை. சினிமா தியேட்டரில் டிக்கெட் கவுண்டருக்குள் உட்கார்ந்து காலத்தை ஓட்டியவள் நான். சுவரில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை, அதற்குப் பின்னால் நான். ஊரில் பாதிப் பேருடைய முகம் எனக்குத் தெரியாது, விரல்தான் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாவை ஆரம்பத்தில் எனக்குக் கண்டாலே ஆகாது.

காரணம், அவர் நிற்கிற விதம். எந்த நேரம் பார்த்தாலும் இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நிற்பார். மாதாமாதம் காட்டப் போகிறவர்களுக்கான பெஞ்சு, பிரசவ வார்டின் கதவுக்கு எதிரில் கிடந்தது. அங்கே உட்கார்ந்தால் உள்ளே நடப்பது பாதி தெரியும். ஒருத்தி வலியில் கட்டிலை உடைத்துக்கொண்டிருப்பாள். இவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, சட்டையில் தலைகீழாகக் குத்தியிருக்கும் கடிகாரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். வார்டைக் கூட்டித் துடைக்கும் ஆயாம்மா அவருக்குக் 'கைகட்டி' என்று பேர் வைத்திருந்தாள். முதுகுக்குப் பின்னால்தான். நேரே சொல்லும் தைரியம் டாக்டருக்கே கிடையாது. பள்ளிக்கூடத்தில் கை கட்டி வாய் பொத்தி நிற்கச் சொல்வார்களே, அதில் முதல் பாதியை மட்டும் கற்றுக்கொண்டு வந்தவர் என்று நான் கிண்டலடிப்பேன். வாயைத் திறந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. முதல் பிள்ளை வயிற்றில். சிஸ்டருக்கு நாற்பதைத் தொட இரண்டு வருஷம் பாக்கி. ஒல்லி, நெட்டை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கை குடும்பத்தோடு இருந்தார். வெள்ளை கான்வாஸ் ஷூவை எப்படித்தான் துவைப்பாரோ, அந்த ஆஸ்பத்திரியில் வெள்ளையாக இருந்த ஒரே பொருள் அதுதான். சுவரில் பாதி உயரத்துக்குப் பச்சைப் பெயின்ட், அதற்கு மேலே சுண்ணாம்பு உதிரும். எடை பார்க்கும் மெஷினைப் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால்தான் முள் நகரும். அந்தத் தட்டும் சிஸ்டர் தட்டினால்தான் எடுபடும்.

என் வீட்டுக்காரர் சலூன் வைத்திருந்தார். தியேட்டருக்கு எதிர்வரிசையில் இரண்டு நாற்காலி போட்ட கடை. தொழிலில் அவருக்குத் தலைக்கனம் உண்டு. கண்ணைக் கட்டிவிட்டுத் தலையைத் தொடச் சொன்னால் யாருடைய தலை என்று சொல்லிவிடுவேன் என்பார். ஏழாவது மாதத்திலிருந்து என் விலா எலும்புக்குக் கீழே, வலது பக்கம், உருண்டையாக ஒன்று முட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தது. கெட்டியாக இருக்கும். கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கும்போது அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொள்வேன். அது பிள்ளையின் பின்பக்கம் என்று நாங்களாகவே முடிவு கட்டிவிட்டோம். இவர் கடையைச் சாத்திவிட்டு வந்ததும் முதல் காரியமாக அதில் செல்லமாக ரெண்டு தட்டு தட்டுவார். "என்னடா, அப்பாவுக்குப் பிட்டத்தைக் காட்டிட்டு இருக்கியா?" என்பார். வீட்டுக்கு வந்த நாத்தனார் தட்டினாள், என் தம்பி தட்டினான். எல்லாருக்கும் அது ஒரு விளையாட்டாகப் போய்விட்டது.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. உதை முழுக்கக் கீழே விழுந்தது. ஒவ்வொரு உதைக்கும் மூத்திரம் முட்டிக்கொண்டு வரும். கடைசி மாதம் காட்டப் போனபோது சிஸ்டரிடம் சொன்னேன்.

"சிஸ்டர், உதை எல்லாம் கீழதான் விழுது. மேல ஒண்ணுமே தெரியல."

உள்ளங்கைகளைச் சூடு வரத் தேய்த்துக்கொண்டு வயிற்றைத் தடவினார். அடிவயிற்றில் இரண்டு பக்கமும் விரல்களை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் மரப் புனலை வைத்துக் காதைக் கொடுத்தார்.

"அது கைம்மா. கைய ஆட்டுது. தலை நல்லா கீழ இறங்கிருக்கு, போ."

என் கார்டில் முத்து முத்தான எழுத்தில் 'தலை கீழே' என்று எழுதி, அடிக்கோடும் போட்டார். அந்த அடிக்கோடு எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் இத்தனை பிரசவம் பார்த்தவரிடம் டிக்கெட் கிழிக்கிறவள் என்ன வாதாடுவது? வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்ட ஒன்றிரண்டு தருணங்களில் அதுவும் ஒன்று.

மூன்று வாரம் கழித்து, மதியக் காட்சிக்கு டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கும்போது வலி கண்டது. வரிசையில் பதினோரு பேர் நின்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பதினோரு பேருக்கும் கிழித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். மேனேஜர் எதிர்க்கடைக்கு ஆள் அனுப்பினார். இவர் கையில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். பின்னாலேயே ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் நுரையுமாக அவருடைய வாடிக்கையாளர் ஓடிவந்தார். அந்த மனிதரிடம் கார் இருந்தது. பாதி முகத்தோடு அவரே எங்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினார். வாசலில் இருந்தவர்கள் என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே டாக்டர். அவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தார். இன்னொருத்திக்கு வயிற்றைத் திறந்தாகிவிட்டது, இப்போதைக்கு வெளியே வர வழியில்லை. சிஸ்டர் என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார். பார்த்தவர் நின்றுவிட்டார். கையை எடுத்தபோது விரல் நுனியில் கறுப்பும் பச்சையுமாக ஏதோ ஒட்டியிருந்தது. பிள்ளையின் முதல் மலம் அது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

எத்தனையோ பேர் அந்த இடத்தில் 'பிள்ளை கடைசி நேரத்தில் திரும்பிவிட்டது' என்று பழியை வயிற்றில் இருப்பதன்மேல் போட்டிருப்பார்கள். சிஸ்டர் என் தலைமாட்டுக்கு வந்து, என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"தலை கீழ இல்லம்மா. பிட்டம்தான் கீழ இருக்கு. அன்னிக்கு நீ சொன்னது சரி. நான்தான் தப்பா பாத்துட்டேன்."

இவ்வளவு நாள் தட்டிக்கொண்டிருந்தது என் பிள்ளையின் தலையை என்பது அப்போதுதான் உறைத்தது.

"இப்ப என்ன பண்றது சிஸ்டர்?"

"பெரிய ஆஸ்பத்திரி ஒரு மணி நேரம். அவ்ளோ நேரம் நீ தாங்க மாட்டே, பாதி வழியில பொறந்துடும். வண்டியில பொறந்தா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. இங்கயே பாப்போம். நல்லா கேட்டுக்கோ. உடம்பு முதல்ல வரும், தலை கடைசியா வரும். தலை மாட்டிக்கிட்டா பிள்ளைக்கு மூச்சு கிடையாது. மாட்டாம இருக்கணும்னா யாரும் இழுக்கக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் நீ முக்காதே. நான் முக்குன்னு சொன்னா, உசிரைக் குடுத்து முக்கு."

இதையெல்லாம் அவர் கூட்டிக் குறைக்காமல் சொன்னார். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டும் அதையே சொன்னார். கதவுக்கு அந்தப் பக்கம் இவர் பேயறைந்தாற்போல நின்றது எனக்குத் தெரிந்தது. கையில் நுரை காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்திருந்தது.

முக்காமல் இருப்பதுதான் எவ்வளவு பெரிய வேலை என்பது பெற்றவளுக்குத்தான் தெரியும். நாய் இளைக்கிற மாதிரி மூச்சு விடச் சொன்னார், விட்டேன். என்னைக் கட்டிலின் விளிம்புக்கு இழுத்து, ஒரு காலை ஆயாம்மாவும் இன்னொரு காலை அடுத்த வார்டு நர்ஸும் பிடித்துக்கொண்டார்கள். இனி முக்கலாம் என்று சிஸ்டர் சொன்ன பிறகு நான் முக்கியதில் பின்பக்கம் தெரிந்தது. முகம் பார்ப்பதற்கு முன்னாலேயே ஆயாம்மா "பொம்பளப் புள்ள" என்று அறிவித்துவிட்டாள். கால்கள் இரண்டும் சம்மணமிட்டாற்போல வயிற்றோடு மடிந்திருந்தனவாம். ஒன்று பொத்தென்று விழுந்தது, பிறகு இன்னொன்று.

அப்போதுதான் சிஸ்டர் ஒரு அடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? என் பிள்ளை பாதி உள்ளே, பாதி வெளியே. இந்த அம்மா நெட்டையாக நின்று வேடிக்கை பார்க்கிறார். பார்வை பிள்ளைமேல் ஒரு தடவை, கடிகாரத்தின்மேல் ஒரு தடவை.

"இழுங்க சிஸ்டர்!"

"இழுக்க மாட்டேன். வலி வரட்டும்."

"ஐயோ, அது மூச்சு விடலியே! புடிச்சு இழுங்க!"

"வலி வரட்டும்."

"ஏய், கையக் கட்டிட்டு என்னடி வேடிக்கை பாக்கறே? இழுடி!"

ஆம், அப்படித்தான் கத்தினேன். அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர்கூட நிமிர்ந்து பேசாத அம்மாவை 'டி' போட்டேன். என் வலது காலைப் பிடித்திருந்த ஆயாம்மா பயத்தில் பிடியை விட்டுவிட்டாள். சிஸ்டர் அசையவில்லை. "காலைப் பிடி" என்று அவளிடம் மட்டும் சொன்னார்.

அடுத்த வலி வந்தது. "முக்கு!" ஜன்னல் அதிர்ந்தது. முக்கினேன். தோள் ஒன்று, பிறகு மற்றது. கை இரண்டும் தானாக வழுக்கிக்கொண்டு வந்தன. பிள்ளை தன் கனத்திலேயே தொங்கியது. நான் அழுதேன், திட்டினேன், என் அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் கை கட்டியபடியே குனிந்து, எதையோ தேடினார். பிள்ளையின் பிடரியில் முடி தொடங்குகிற இடம் தெரிகிறதா என்று பார்த்திருக்கிறார். அது தெரிந்த நொடி கை அவிழ்ந்தது. ஒரு கை பிள்ளையின் முகத்துக்கு அடியில், மறு கை தோள்மேல். "அடிவயித்த அழுத்து" என்றார். ஆயாம்மா அழுத்தினாள். அவ்வளவுதான். நான் கண்ணைத் திறந்தபோது அறைக்குள் ஒரு ஆள் கூடியிருந்தது.

ஆனால் சத்தம் இல்லை. துணியால் முதுகைத் தேய்த்தார், வாயைத் துடைத்தார், பாதத்தில் சுண்டினார். சின்ன மூடியை மூக்கிலும் வாயிலும் பொருத்தி, அதோடிருந்த பையை அழுத்திக் காற்றுக் கொடுத்தார். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினெட்டு எண்ணினேன். பத்தொன்பதாவதில் என் மகள் கத்தினாள். அந்தக் கத்தலுக்குப் பிறகு இன்றுவரை அவள் வாய் மூடவில்லை, அது வேறு விஷயம்.

சிஸ்டர் அவளைத் தூக்கி என் மார்பில் வைத்தபோதுதான் பார்த்தேன். அவருடைய அரைக்கைச் சட்டைக்குக் கீழே, இரண்டு புஜத்திலும், கையுறையையும் மீறி நான்கு நான்கு நகத் தடங்கள். பிறை பிறையாக, ஆழமாக. ஒன்றில் ரத்தம் கசிந்து ஓடியிருந்தது.

"என்ன சிஸ்டர் இது?"

"ஒண்ணுமில்ல. பிள்ளையப் பாரு."

ஆயாம்மாதான் பிறகு சொன்னாள். "அந்தம்மா சும்மா கையக் கட்டறதா நெனச்சியா? கட்டலேன்னா கை தானா இழுத்துடும்மா. அதுக்குத்தான் தன்னையே புடிச்சுக்கறாங்க." எனக்கு வெட்கமாகிவிட்டது. கைகட்டி என்று பேர் வைத்தவளுக்கே தெரிந்திருந்த விஷயம், கண்ணெதிரில் பார்த்த எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். பிள்ளையின் தலையைப் பார்த்தார், தன் உள்ளங்கையைப் பார்த்தார். சிஸ்டர் விடவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை தலை பிடிக்கறீங்க?"

"இருபது இருபத்தஞ்சு இருக்கும், சிஸ்டர்."

"நான் ஒரு பத்து பிடிக்கறேன். ரெண்டு பேருக்குமே இந்தத் தலை தெரியல. வெளிய சொல்லிக்காதீங்க, பொழைப்பு போயிடும்."

இவர் சிரித்தார், அப்படியே அழுதும்விட்டார். பிள்ளையின் தலையில் உதட்டை வைத்து "மன்னிச்சுக்கம்மா, தெரியாம அடிச்சுட்டேன்" என்றார். பிறகு தொழில் புத்தி விடுமா? தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு உருண்டையான தலையை என் ஆயுசில் பார்த்ததில்லை என்றார். கடைசியில் வருகிற தலை நசுங்காமல் உருண்டையாக இருக்குமாம், சிஸ்டர் சொன்னார். முகம் அழகாக இருந்தது. பின்பக்கம்தான் கன்றிப்போய்க் கத்திரிக்காய் நிறத்தில் கிடந்தது. ஒரு வாரம் வரை கால் இரண்டையும் அதே சம்மணத்தில் மடக்கி வைத்துக்கொண்டுதான் தூங்கினாள்.

வீட்டுக்குப் போகிற நாள் சிஸ்டர் என் கார்டைக் கொண்டுவந்தார். 'தலை கீழே' என்பதை ஒரே கோட்டில் அடித்திருந்தார், படிக்கிற மாதிரியே. அதன் கீழே, 'பிட்டம் கீழே. நான் பார்த்தது தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். டாக்டர் இதெல்லாம் எதற்கு என்றாராம். அடுத்து இந்தக் கார்டைப் பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டாமா என்று சிஸ்டர் கேட்டிருக்கிறார். என் கட்டிலில் உட்கார்ந்து, வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் நடந்ததையும் சொன்னார். அன்றும் இதே மாதிரி பிள்ளை. அந்தத் தாயும் இழு இழு என்று கத்தியிருக்கிறாள். சிஸ்டர் இழுத்துவிட்டார். பிள்ளையின் கைகள் மேலே தூக்கிக்கொண்டன, தலை மாட்டிக்கொண்டது.

அதன் பிறகு அவர் எங்கள் வீட்டு மனுஷியாகிவிட்டார். மகளுக்கு 'எதிர்க்கட்சி' என்று பேர் வைத்ததே அவர்தான். பிறக்கும்போதே எதிர்த்து வந்தவள், எதைச் சொன்னாலும் மாற்றித்தான் செய்வாள் என்றார். அப்படியே ஆயிற்று. விடுப்பு நாளில் தியேட்டருக்கு வருவார், ஓரத்து இருக்கையை அவருக்கென்று வைத்திருப்பேன். பிரசவக் காட்சி வந்து யாராவது "வெந்நீர் கொண்டு வாங்க" என்று ஓடினால், "எதுக்கு, காப்பி போடவா?" என்று சத்தமாகக் கேட்பார். முன்வரிசை திரும்பிப் பார்க்கும். நான் அவரை 'டி' போட்டதை மட்டும் அவர் மறக்கவே இல்லை. "ஒரு நாள் நானும் உன்னை அப்படிக் கூப்பிடறேன், பாரு" என்பார். ஆனால் முப்பது வருஷமாக 'அம்மா'தான், 'வாம்மா'தான். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. தியேட்டர் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். எதிரிலிருந்த சலூன் இருக்கிறது, நாற்காலி நான்காகிவிட்டது.

போன வருஷம் சிஸ்டருக்கு வாதம் அடித்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. தங்கை வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, நானும் மகளும் அடிக்கடி போவோம். கான்வாஸ் ஷூ கட்டிலுக்கு அடியில் அதே வெள்ளையில் இருந்தது.

போன மாதம் போனபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலில் ஷூ. தங்கை சமையலறையில் இருந்தார்.

"நல்லா வந்தீங்க. இன்னிக்கு ஜன்னல் வரைக்கும் நடக்கப் போறேன்."

ஜன்னல் எட்டடி தூரத்தில் இருந்தது. நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அதற்கு முந்தின வாரம் இப்படி எழுந்து விழுந்து நெற்றியில் தையல் போட்டிருந்தது எனக்குத் தெரியும். நான் எழுந்து கையை நீட்டினேன்.

"தொடாதே."

"விழுந்துடுவீங்க சிஸ்டர்."

"புடிச்சா நான் உன் கைமேலதான் சாய்வேன், கால் வேலை செய்யாது. கையக் கட்டிட்டு நில்லு. எதிர்க்கட்சி, நீயும்தான்."

எழுந்தார். முதல் அடி வைக்க எவ்வளவு நேரமோ. இடது காலை இழுத்து, ஊன்றி, நின்றார். இரண்டு. மூன்று. நான்காவது அடியில் முட்டி மடங்கியது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என் உடம்பு முழுக்க அவரை நோக்கிப் பாய்ந்தது, கையை மட்டும் எப்படியோ நிறுத்தினேன். விழுந்தால் இந்த முறை எழ மாட்டார் என்று தெரிந்தும் நின்றேன். அவர் மூச்சை இழுத்து, நிமிர்ந்தார். ஐந்து. ஆறு. கடைசியில் வலது கை ஜன்னல் கம்பியைப் பிடித்தது. வெளியே தெருவில் ஒருவன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். அவனை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, உன் கையப் பாரு!" என்றாள் மகள்.

பார்த்தேன். இரண்டு புஜத்திலும் நகம் பதிந்திருந்தது. ஒன்றில் ரத்தம் துளிர்த்திருந்தது. முந்தானையால் மூடுவதற்குள் சிஸ்டர் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"இழுக்கணும்னு வந்துச்சா?"

"வந்துச்சு சிஸ்டர்."

கம்பியைப் பிடித்தபடியே கோணிய வாயால் சிரித்தார்.

"அன்னிக்கு எனக்கும் அப்படித்தான்டி இருந்துச்சு."